அம்மாவின் தூக்க மாத்திரை, பழைய சீட்டு, மறுத்த மெடிக்கல்காரர்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமத்தில் 71 வயது அம்மா தனியாக இருக்கிறார். ஆறு வருடமாக இரவில் ஆல்பிரசோலம் என்கிற தூக்க மாத்திரை, 0.5 மில்லிகிராம், ஒன்று போடுகிறார். வழக்கமாக வாங்கும் மெடிக்கலில் போன மாதம், பழைய சீட்டுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா சத்தமில்லாமல் பஸ் ஏறிக் குன்னூர் போய் வேறு கடையில் வாங்கி வந்துவிட்டார். நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா, அங்கே யார் என்ன மாத்திரை வாங்கினாலும் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும், உங்கள் ஊரில் ஒன்றுமே கிடையாதா என்று கேட்கிறார். மறுத்த கடைக்காரர் செய்தது சரியா, நம் ஊரில் அப்படியொரு கண்காணிப்பு உண்டா, பெங்களூரில் நாலு அட்டை வாங்கி கூரியரில் அனுப்பலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எழுதாமல் விட்ட நாலாவது ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாரா என்பதுதான் அது.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். இந்த மலையில் 26 வருடம். முதல் ஏழு வருடம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில், அப்புறம் குன்னூரில் கல்லாவுக்கு இந்தப் பக்கம். மருந்துக்கடைச் சட்டமும், எந்த மாத்திரை எதோடு சேரக்கூடாது என்பதும் என் தொழில். உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. அவருக்கு அந்த மாத்திரை தேவையா, எவ்வளவு குறைக்கலாம் என்பதை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

கடைக்காரர் மறுத்தது சட்டப்படி சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1945ஆம் வருட மருந்து விதிகளில் எச்1 என்று ஓர் அட்டவணை உண்டு. 2013 ஆகஸ்டில் அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆரம்பப் பட்டியலில் 46 மருந்துகள் இருந்தன. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், டிபி மருந்துகள், அப்புறம் பழக்கமாகிவிடக்கூடியவை: ஆல்பிரசோலம், டயஸெபாம், நைட்ரஸெபாம், ஜோல்பிடெம், டிரமடால், கோடீன். அம்மாவிடம் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கும். இந்த வகை மருந்தை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: எழுதித் தந்த டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எத்தனை கொடுத்தோம். அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், மருந்து ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். இது போக, ஆல்பிரசோலம் 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே கடைக்காரர் பயப்படுவது வெறும் லைசென்ஸுக்காக மட்டும் இல்லை.

பழைய சீட்டு என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதே விதிகளில் 65ஆம் விதி என்ன சொல்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் தெரிவதில்லை, கடைக்காரர்களிலும் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. இத்தனை முறை தரலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் மருந்து தரலாம். தரும்போது சீட்டில், டாக்டரின் கையெழுத்துக்கு மேலே, கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். அக்கா கேட்கிற கண்காணிப்பு நம் ஊரில் இதுதான். கம்ப்யூட்டர் மெடிக்கலுக்குள் நுழைவதற்கு எத்தனையோ காலம் முன்னால் எழுதின விதி. முத்திரையை ஒழுங்காகக் குத்தினால் அந்தத் துண்டுக் காகிதமே நடமாடும் பதிவேடு.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஒரு பாட்டி சுருக்குப்பையில் இருந்து சீட்டை எடுத்து நீட்டினார். எட்டாக மடித்த சீட்டு, மடிப்பு கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. கையெழுத்தின் மேல் ஊதா மையில் ஒரு முத்திரை, அதன் மேல் சாய்வாக இன்னொன்று, ஓரத்தில் பேனாவால் ஒரு கடைப் பெயரும் தேதியும், பின்பக்கம் மேட்டுப்பாளையம் கடை ஒன்றின் முத்திரை. கூட்டிப் பார்த்தால் நாலு கடை, ஐந்து வாரம், 80 மாத்திரை. "பாட்டி, இத்தனையும் நீங்களா சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். "ஐயோ, இல்ல சார். பாதி என் தங்கச்சிக்கு. அவளுக்கும் தூக்கமில்ல. அவ டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் கூலி போயிடும்ல" என்றார். போதைக்காரரும் இல்லை, வியாபாரமும் இல்லை. அக்காவின் சீட்டில் தங்கைக்கு மாத்திரை, அவ்வளவுதான். முத்திரைகள் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தத் தங்கச்சியைப் பற்றித் தெரிந்தே இருக்காது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அந்தச் சீட்டு அபூர்வம். சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க இருபது பேர் கவுண்டரில் நிற்கும்போது, முத்திரையைத் தேடிக் குத்துகிற கடைகள் குறைவு. என் கடையிலும் விட்டுப்போன நாட்கள் உண்டு. பதிவேட்டின் கதையும் அதேதான். என் எச்1 பதிவேடு நீளமான கணக்கு நோட்டு, காலிகோ அட்டை, ஈரத்தில் உப்பிப் போயிருக்கும். அதில் ஒரு மாதத்துப் பக்கத்தைப் புரட்டினால் நாலு லட்சுமி வருவார்கள். நோயாளியின் பெயரை எழுதினால் போதும் என்பதுதான் விதி, போன் நம்பர் கேட்பதில்லை. நாலும் ஒரே லட்சுமியா, நாலு லட்சுமியா என்று ஆய்வாளருக்குத் தெரியாது. பக்கத்துக் கடை நோட்டில் இருக்கும் ஐந்தாவது லட்சுமி எனக்குத் தெரியாது. நோட்டு ஒவ்வொன்றும் ஒழுங்காகவே இருக்கலாம், கூட்டல் போடத்தான் ஆளில்லை. 2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்கு வருகிற டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் உண்டு, எத்தனை வண்டி ஏறியது என்று சோதனைச் சாவடியில் கணக்கு இருக்கிறது. உங்கள் அம்மா இந்த மாதம் எத்தனை ஆல்பிரசோலம் வாங்கினார் என்ற கணக்கு எந்தச் சாவடியிலும் இல்லை.

அக்கா சொல்லும் அமெரிக்க ஏற்பாட்டுக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி சரி. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஒரு மருந்துக் கண்காணிப்புத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. கலிபோர்னியா 1939லேயே காகிதத்தில் தொடங்கிவிட்டது. மிசௌரி மாநிலம் 2021இல்தான் அதற்குச் சட்டமே போட்டது. மருந்துக்கடை ஒரு மாத்திரையைக் கொடுத்ததும் விவரம் அந்தத் தரவுத்தளத்துக்குப் போகும். டாக்டர் அடுத்த சீட்டு எழுதுமுன் அதைத் திறந்து பார்க்கலாம், பல மாநிலங்களில் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் "எல்லா மாத்திரையும்" தெரியும் என்பது சரியில்லை. அது கட்டுப்படுத்தப்பட்ட பட்டியல் மருந்துகளுக்கு, அதாவது ஓபியாய்டு என்கிற அபின் வகை வலிமருந்துகள், ஆல்பிரசோலம் மாதிரி மருந்துகள், சில ஊக்க மருந்துகள் ஆகியவற்றுக்கு ஏற்பட்டது. பிரஷர் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் பெரும்பாலான மாநிலங்களில் அதில் போய்த் தேட முடியாது.

அதனால் பலன் இருந்ததா என்றால், ஒன்றில் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்: ஒரே ஆள் ஐந்தாறு டாக்டரிடம் போய் ஐந்தாறு சீட்டு வாங்குவது குறைந்தது. சாவு குறைந்ததா என்பதில் ஆராய்ச்சிகள் ஒத்துப்போகவில்லை. சிலதில் குறைந்தது என்கிறார்கள், சிலதில் மாற்றமில்லை, மாத்திரை கிடைக்காதவர்கள் சிலர் தெருவில் விற்கும் ஹெராயினுக்குப் போனார்கள் என்ற கவலையும் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று நிச்சயமாகத் தெரியும். கண்காணிப்பு இறுக இறுக, பயந்துபோன டாக்டர்கள் வருடக்கணக்காக வலிமருந்து எடுத்தவர்களுக்குப் பட்டென்று நிறுத்த ஆரம்பித்தார்கள். அப்படி நிறுத்துவதால் கடுமையான விலகல் அறிகுறிகளும் (மருந்து நின்றதும் உடல் படும் பாடு) மன உளைச்சலும் தற்கொலையும் நேர்வதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2019 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த வருடம் ஆல்பிரசோலம் வகைக்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை, அதாவது மருந்தின் குறிப்புத்தாளில் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையை, புதுப்பித்து, உடல் பழகிவிடுவதையும் திடீரென நிறுத்துவதன் ஆபத்தையும் அதில் சேர்த்தது.

அந்த எச்சரிக்கையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எச்1 வந்த புதிது, 2014. ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா, இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பம், என் கடைக்கு மாதாமாதம் வருவார். ஆல்பிரசோலம் 1 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, எத்தனையோ வருடமாக. ஆய்வு வருகிறது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. "புதுச் சீட்டு இல்லாம இனிமே வராதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் பேரன் வந்தான். பாட்டிக்கு விடியற்காலையில் வலிப்பு, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்கிறார், எழுதிக் கொடுங்கள் என்றான். எழுதிக் கொடுத்தேன். என் கை நடுங்கியது. மாத்திரை நின்றதால்தான் வலிப்பு என்று என்னால் நிரூபிக்க முடியாது, அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. ஆனால் அந்த அளவில் வருடக்கணக்காக எடுத்து ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது எந்த மருந்தியல் புத்தகத்திலும் இருக்கிறது, நான் படித்த புத்தகத்திலும் இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். நான் செய்திருக்க வேண்டியது, எழுதின டாக்டருக்கு ஒரு போன். அன்றைக்கே பேரனோடு அவரை அங்கே அனுப்பியிருக்கலாம். சட்டப்படி நான் சரி, அதைச் சொல்லி மனசைச் சமாதானப்படுத்த முடிந்ததில்லை.

ஆகவே உங்கள் கடைக்காரர் மறுத்தது சரி, மறுத்ததோடு நிறுத்திக்கொண்டாரென்றால் அது பாதி வேலை. குன்னூரில் சீட்டைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த கடை செய்தது தப்பு. ஆனால் அந்த வாரம் உங்கள் அம்மாவைக் காப்பாற்றியது அந்தத் தப்பாகவும் இருக்கலாம். இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

இப்போது அந்த நாலாவது கேள்வி. உடல் பழகிவிடுவது வேறு, அடிமையாவது வேறு. ஆறு வருடம் தினமும் எடுத்தால் உடல் பழகியிருக்கும், நிறுத்தினால் தூக்கம் போகும், பதறும், வியர்க்கும். இது அந்த மருந்தை எடுக்கும் யாருக்கும் நேர்வது, ஒழுக்கத்தோடு சம்பந்தமில்லை. அடிமை என்பது, அளவு ஏறிக்கொண்டே போவது, மறைப்பது, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் தேடி ஓடுவது. அம்மா குன்னூர் போனதை மறைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எதனால் என்று பெங்களூரில் இருந்து சொல்ல முடியாது, திட்டுவீர்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். கணக்குப் பாருங்கள். தினம் ஒன்று என்றால் மாதம் 30 மாத்திரை, பத்து மாத்திரை அட்டையில் மூன்று. போன மூன்று மாதத்தில் எத்தனை அட்டை வாங்கினார், வீட்டில் எத்தனை மிச்சம்? கணக்கு ஒத்துப்போனால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒத்துப்போகவில்லை என்றால், அல்லது பகலில் தூங்கி வழிகிறார், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், தடுமாறுகிறார் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த வகை மாத்திரையைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வது முதியோர் மருத்துவத்தில் ஒத்துக்கொண்ட விஷயம். காரணம் கீழே விழுவது, இடுப்பெலும்பு முறிவது, மனம் குழம்புவது.

என் அனுபவத்தில், வயதானவர்கள் விஷயத்தில் துஷ்பிரயோகத்தைவிட அதிகம் பார்ப்பது வேறொன்று. ஜூன், ஜூலையில் இங்கே துணி காயாது. ஈரத் துணியைக் கட்டிக்கட்டி படர்தாமரை வரும். தோல் டாக்டர் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதுவார். சரியான மருந்துதான். ஆனால் ஆல்பிரசோலத்தைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது அடைத்துவிடும். வழக்கமான அரை மில்லிகிராமே உடம்பில் தங்கித் தங்கி ஏறும். இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று மருந்தின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. தோல் டாக்டருக்கு ஆல்பிரசோலம் பற்றித் தெரியாது, ஆல்பிரசோலம் எழுதினவருக்குப் படர்தாமரை பற்றித் தெரியாது. பாட்டி இரண்டையும் இரண்டு கடையில் வாங்குவார், இரண்டு கடையும் பதிவேட்டை ஒழுங்காக எழுதியிருக்கும். அப்புறம் முழங்கால் வலி என்று டிரமடால், குளிருக்கு மூக்கு ஒழுகுகிறது என்று தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை. டிரமடால் மாதிரி ஓபியாய்டும் ஆல்பிரசோலமும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும் ஆபத்து உண்டு, 2016இல் இருந்தே அமெரிக்காவில் அதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை. இதில் யாரும் எதையும் தப்பாகப் பயன்படுத்தவில்லை, சீட்டுகள் எல்லாம் நியாயமானவை. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

அந்த ஆளை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் அம்மா எடுக்கும் எல்லா மருந்தும்: பிரஷர், சர்க்கரை, கண் சொட்டு, லேகியம், பக்கத்து வீட்டம்மா கொடுத்த வலி மாத்திரை உட்பட. வலது பக்கம் எந்தத் தேதி, எந்தக் கடை, எத்தனை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறதென்றால் கொண்டுவரும் தன்னார்வலரிடமும் அந்த நோட்டை நீட்டச் சொல்லுங்கள். ஒரே கடை என்று வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மறுத்த அதே கடை. உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், மறுக்கத் தெரிந்த கடைக்காரர்தான் எனக்கு நம்பிக்கை தருகிறார். அவருக்குப் போன் போட்டு, நான் இன்னார் மகன், அம்மா மாத்திரைக்கு சீக்கிரமே வந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று நம்பரைக் கொடுத்து வையுங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 14 இலக்க அடையாள எண் பற்றியும் யாராவது சொல்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக் காகிதங்களைச் சேர்த்து வைக்க உதவும். மெடிக்கலில் வாங்கும் ஒவ்வொரு அட்டையையும் அது பிடித்துக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

டாக்டர் விஷயத்தில் ஒரு குறுக்குவழி இல்லை. ஆன்லைனில் ஒரு டாக்டரைப் பிடித்து வீடியோவில் சீட்டு வாங்கலாம் என்று நினைத்திருந்தால், 2020 தொலைமருத்துவ நெறிமுறைகள் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளை அப்படி எழுதுவதைத் தடுக்கின்றன. ஆல்பிரசோலம் அதில் வருகிறது. ஆகவே ஒரு முறை அம்மாவை நேரில் அழைத்துப் போங்கள். எழுதின டாக்டரே இருந்தால் அவரிடம், இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரிடம். அவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். போகும்போது நோட்டையும், வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

குறைப்பதென்று டாக்டர் முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன், மாதக்கணக்காகும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொள்ள. 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. அரை மில்லிகிராம் மாத்திரையில் பத்து சதவீதத்தை எந்த பிளேடாலும் வெட்ட முடியாது. அதனால்தான் டாக்டர்கள் சிலசமயம் உடம்பில் மெதுவாக இறங்கும் வேறு மருந்துக்கு மாற்றி, அதில் இருந்து படிப்படியாக இறக்குவார்கள். மாத்திரை பெயர் மாறியதும் அம்மா பதறக்கூடாது. நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுத்துப் பார்ப்பது வேண்டாம். டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: சீட்டில், இத்தனை நாளுக்கு ஒரு முறை, இத்தனை தடவை தரலாம் என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் அதே சீட்டுக்குக் கடைக்காரர் மறுபடி தரலாம், 65ஆம் விதியே அதற்கு இடம் தருகிறது. இது ஒன்றைச் செய்திருந்தால் போன மாதச் சண்டையே வந்திருக்காது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். கையில் மாத்திரை நிறைய இருக்கக்கூடாது என்பது பாதுகாப்பு. ஆனால் 2009 நவம்பரில் மண் சரிந்து சாலைகள் அடைபட்டபோது, கடையில் என்ன இருக்கிறது என்று மெழுகுவத்தி வைத்துக்கொண்டு எண்ணினவன் நான். இன்சுலின் எத்தனை, வலிப்பு மாத்திரை எத்தனை, தூக்க மாத்திரை எத்தனை. கோயம்புத்தூர் ஏஜென்சி வண்டி வராத நாட்கள் அவை. அதனால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒன்று, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கும்படி டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குவது நல்லது என்பேன். மேல்வரம்பும் உண்டு. போதைப்பொருள் விதிகளின்படி இப்படிப்பட்ட மருந்தை சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு சமயத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம், நீண்டகாலத் தேவை என்று டாக்டர் குறிப்பாக எழுதினால் 300 வரை.

போதைக்காக மாத்திரை தேடும் இளவட்டங்கள் வருவதில்லையா என்று கேட்பீர்கள். வருவார்கள். சனிக்கிழமை இரவு, டூரிஸ்ட் வண்டி, "அண்ணா, முதுகு வலிக்கு டபெண்டடால் ஒரு அட்டை." அது போதைக்காகவும் தேடப்படும் ஓபியாய்டு வலி மாத்திரை. சீட்டு கேட்டால் போனில் மங்கலாக ஒரு போட்டோ. இல்லை என்று சொல்லி அனுப்புவேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுக்குள் 1.08 சதவீதம் பேர், ஏறக்குறைய 1.18 கோடி, மருத்துவத் தேவைக்கு வெளியே மயக்க, தூக்க மாத்திரை எடுப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பாட்டியின் தங்கச்சி தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது தெரிந்தால் 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

கட்டுப்பாட்டை இன்னும் இறுக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று. கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை, அதாவது ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய், உண்டு. வலி கிளம்பினால் எலும்புக்குள் கத்தி விட்டுத் திருகுவது போல இருக்கும் என்பார்கள், அப்போது பாராசிட்டமால் போதாது. 1985 சட்டம் வந்தபின் பயத்திலும் லைசென்ஸ் சிக்கலிலும் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் அந்த மாதிரிக் கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகி, புற்றுநோயாளிகள் வலியிலேயே செத்தார்கள். அதைச் சரிசெய்ய 2014இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பூட்டுப் போடும்போது உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குப் புது மாத்திரை தொடங்கியபின் விழுந்தார், குழம்பினார், தடிப்பு வந்தது என்று ஏதாவது நடந்தால் டாக்டரிடம் சொல்வதோடு 1800-180-3024க்கும் சொல்லலாம். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் அது. நோயாளியோ வீட்டாரோ நேரடியாகப் புகார் தரலாம், தமிழிலும் படிவம் உண்டு. மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

கடைசியாகக் கூரியர். வேண்டாம். பெங்களூரில் சீட்டில்லாமல் வாங்கினால் அங்கே ஒரு கடைக்காரர் விதியை மீறுகிறார், நீங்கள் போதைப்பொருள் பட்டியல் மருந்தைப் பார்சலில் அனுப்புகிறீர்கள், அம்மாவுக்கு மூன்றாவது கடை திறந்துவிடுகிறது. கையில் இன்னும் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது என்று இன்றைக்கே போனில் கேளுங்கள். பத்து நாளுக்குக் குறைவென்றால் இந்த வாரக் கடைசியிலேயே மலை ஏறிவிடுங்கள், நிறுத்தி மட்டும் விட வேண்டாம். வரும்போது ஒரு சார்ஜ் லைட் வாங்கி வந்து படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் மாட்டுங்கள், காற்றடித்தால் இங்கே கரண்ட் போய்விடும். பாத்ரூம் வாசலில் கால்மிதி வழுக்கும்படி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.